விசை பேசாவிட்டால் கணினி செத்துவிட்டதா?

மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்துக்கு நோயாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடலோரத்து ஊர்களிலிருந்து மாணவர்கள் தங்கள் மடிக்கணினிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "சார், படம் வருது, கீபோர்டு மட்டும் அடிக்கமாட்டேங்குது" என்பான் ஒருவன். "சார், அம்பு நின்ன இடத்திலேயே நிக்குது" என்பாள் இன்னொருத்தி. இருவரும் அடுத்துச் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கடையில் காட்டினார்களாம், "மதர்போர்டு போயிடுச்சு, இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று பதில் வந்ததாம்.

மாணவ நண்பர்களே, இந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்வதில்லை. திரை ஒளிர்கிறது, விசிறி சுழல்கிறது, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது என்றால் அந்தக் கணினி உயிரோடுதான் இருக்கிறது. அதன் காதும் விரலும்தான் மரத்திருக்கின்றன. காது கேளாதவரைப் பார்த்து இவர் இறந்துவிட்டார் என்று யாராவது சொல்வார்களா?

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2019–20 வரை சுமார் 50 லட்சம் கணினிகள் மாணவர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு சில ஆண்டுகள் இடைவெளி விழுந்தது. 2025–26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று மீண்டும் அறிவிப்பு வந்தது. இத்தனை லட்சம் கொடுத்தோம் என்ற கணக்கு நம்மிடம் இருக்கிறது. அவற்றில் எத்தனை, நான்கு விசைகள் வேலை செய்யாத காரணத்தால் பரண்மேல் ஏறின என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மீன் ஏலம் கூவும் ஒருவருடைய வீட்டில் இரண்டாவது மடிக்கணினி வாங்குவது நடக்கிற காரியமா? ஆகவே இது சிறிய பழுது என்றாலும் சிறிய விஷயம் அல்ல.

முதலில் விசைப்பலகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு விசைக்கும் இரண்டு கம்பி என்று வைத்தால் எண்பது விசைக்கு நூற்றறுபது கம்பிகள் வேண்டும். அப்படி எவரும் செய்வதில்லை. மெல்லிய பாலியஸ்டர் தாள்கள் இரண்டு. ஒன்றில் கிடைக்கோடுகளும் மற்றொன்றில் நெடுக்கோடுகளும் வெள்ளித்துகள் கலந்த மையால் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் துளைகள் உள்ள மூன்றாவது தாள் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும். நீங்கள் விசையை அழுத்தும்போது ரப்பர்க் குமிழ் அமுங்கி, அந்தத் துளை வழியாக ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுக்கோடும் தொட்டுக்கொள்கின்றன. கணித வகுப்பில் படிக்கிற அணியேதான் இது. 8 கிடைக்கோடு, 16 நெடுக்கோடு என்றால் 128 சந்திப்புகள். கம்பிகளோ 24 மட்டுமே. இந்த 24 கோடுகளும் ஒரு நாடாக் கம்பியில் சேர்ந்து தாய்ப்பலகைக்குப் போகின்றன. அங்கே தனிச் சில்லு ஒன்று, ஒவ்வொரு கோடாக, ஒரு வினாடிக்குப் பலமுறை, "இங்கே யாராவது தொட்டார்களா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறது. ரோந்து போகிற காவலர் போல!

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. ஒரே ஒரு விசை மட்டும் பேசவில்லையென்றால் அந்த இடத்தில் தூசியோ பிசினோ இருக்கிறது. எல்லா விசைகளும் ஒரே நாளில் ஊமையானால் நாடாக் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது ரோந்துச் சில்லு உறைந்துபோயிருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில் ஆறேழு விசைகள் சேர்ந்தாற்போல் மரித்தால்? அவை அனைத்தும் ஒரே கோட்டில் கட்டப்பட்டவை. அந்தக் கோடு எங்கோ அறுந்திருக்கிறது.

போன ஆண்டு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்த கணினியில் ஏழு விசைகள் அடிக்கவில்லை. கடையில் அதே மதர்போர்டுத் தீர்ப்புத்தான். நான் அவளிடம் திருப்புளியைக் கொடுக்கவில்லை. ஒரு வரைபடத் தாளைக் கொடுத்து, இறந்த விசைகளைக் குறிக்கச் சொன்னேன். பிறகு விசைப்பலகையைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோடுகளைத் தொடர்ந்து பார்த்தோம். ஏழும் ஒரே நெடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தன! அந்தக் கோடு நாடாவின் நுனியில் முடியும் இடத்தில் கறுப்பாக ஒரு படலம். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாக நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். ஏழு விசைகளும் எழுந்து உட்கார்ந்தன. வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகள் செய்துவந்த வைத்தியம் இது. (தமிழ்99 பலகையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம் இருக்கின்றன. இடப்புறத்து விசைகள் போனால் தமிழில் மெய்யெழுத்துகள் மட்டும் எஞ்சும் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். உண்மைதான்.)

திருப்புளி எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பலர் செய்வதே இல்லை. கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதற்கென்று விளக்கு இருந்து அது எரிந்து அணைந்தால், செய்தி போய்ச் சேருகிறது என்று பொருள். அடுத்து, கணினியை நிறுத்தி மறுபடி இயக்கும்போது பயாஸ் என்னும் தொடக்க அமைப்புக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே விசைகள் வேலை செய்தால் பலகையில் குறையில்லை. குறை விண்டோஸிலோ அதன் இயக்கி நிரலிலோ இருக்கிறது. அரசு கொடுத்த பழைய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருக்கும். பலர் அதை ஒருநாள்கூடத் திறந்ததில்லை. அது அருமையான ஒப்பீட்டுச் சோதனைக் கருவி! ஒன்றில் அடித்து மற்றொன்றில் அடிக்காவிட்டால் வன்பொருளைத் தொடவே வேண்டாம். யாரிடமாவது யு.எஸ்.பி. விசைப்பலகை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் தாய்ப்பலகை செத்தது என்ற தீர்ப்பு அநேகமாகத் தள்ளுபடி.

வலப்பக்கத்து ஷிப்ட் விசையை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி வந்து நிற்கும். கை நடுங்குபவர்களுக்காகச் செய்யப்பட்ட நல்ல வசதி. தெரியாமல் 'சரி' சொல்லிவிட்டால், சட்டென்று தட்டுகிற தட்டுகளை எல்லாம் கணினி பொருட்படுத்தாது. விசைப்பலகை போயிற்று என்று வீடே அலறும். அதுபோல டச்பேட் என்று நாம் சொல்லும் தொடுபலகையை நிறுத்தி வைக்கவும் மேல்வரிசையில் ஒரு விசை உண்டு. குழந்தைகள் அதை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

எல்லா விசைகளும் உறைந்துபோனால் இன்னொரு வழி. கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. நாம் அணைத்துவிட்டோம் என்று நினைக்கும்போதும் அந்த ரோந்துச் சில்லு மின்கலத்திலிருந்து துளி மின்சாரம் எடுத்து விழித்துக்கொண்டே இருக்கிறது. குழம்பிப்போனால் குழப்பத்தோடேயே மாதக்கணக்கில் விழித்திருக்கும். மின்தேக்கிகளில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டமும் வடிந்த பிறகுதான் அது உண்மையாகத் தூங்கி, புதிதாக எழும்.

இனி, ஏன் இந்த நோய் எங்கள் பக்கத்தில் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு வருவோம். நான் கவனித்த அளவில் நோய்கள் இரண்டு வகை. எனக்குள் அவற்றைக் கடலூர் நோய், சிதம்பரம் நோய் என்று பெயரிட்டு வைத்திருக்கிறேன்.

கடலூர் நோய்க்குக் காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்தூளாக மிதக்கின்றன. கடலிலிருந்து உள்ளே வர வர இவை வேகமாகக் குறைகின்றன. தேவனாம்பட்டினத்து ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதுபோல் சிதம்பரத்து ஜன்னல் கம்பி துருப்பிடிக்காததற்கு இதுவே காரணம். உலர்ந்த உப்பு தானாக ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியவுடன் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ இன்னும் ஆசைக்காரச் சரக்கு. 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கும். எங்கள் ஊரில் மழைக்கால விடியலில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்பது வழக்கம். அதாவது ஒவ்வொரு விடியலிலும் உங்கள் விசைப்பலகைக்குள் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று உருவாகி, பகலில் உலர்ந்து, மறுநாள் மீண்டும் உருவாகிறது.

உப்புநீர் மின்கடத்தி. அருகருகே உள்ள இரண்டு வெள்ளிக் கோடுகளுக்கு இடையே அது படர்ந்தால், பத்தாம் வகுப்பில் படித்த மின்னாற்பகுப்பு அங்கே நடக்கும். நேர்முனைக் கோட்டிலிருந்து வெள்ளி கரைந்து எதிர்முனைக் கோட்டில் படிந்து, அங்கிருந்து நேர்முனைக் கோட்டை நோக்கிச் சிறு செடிபோலக் கிளைவிட்டு வளரும். 1950-களிலேயே அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் இந்த வெள்ளிச் செடியைக் கண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். செடி எதிர்க்கோட்டைத் தொட்டுவிட்டால், யாரும் அழுத்தாமலே ஓர் எழுத்து ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். கரைந்த பக்கத்தில் கோடு மெலிந்து அறுந்தால் விசைகள் ஊமையாகும். கந்தகக் காற்று பட்டுக் கொலுசு கறுப்பது போல வெளியே தெரியும் வெள்ளி முனைகள் கறுப்பதும் உண்டு. வெள்ளிக் கடற்கரை என்று பெயர் வைத்திருக்கும் ஊரில் வெள்ளிக்கு இந்தக் கதி!

வெள்ளத்தில் நனைந்த கணினிகளின் கதை வேறு. 2015 நவம்பர், டிசம்பர் மழையிலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் நனைந்த கணினிகளை எத்தனையோ வீடுகளில் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தார்கள். இந்த அரிசி வைத்தியத்தை எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை! அரிசி நீரை ஓரளவு உறிஞ்சலாம். நீரில் கரைந்திருந்த உப்பையும் சேற்றையும் உறிஞ்சாது. நீர் போய் உப்பு மட்டும் உள்ளே தங்கும். அடுத்த விடியலில் அது மறுபடியும் கரையும். உமித்தூள் வேறு இலவசமாகச் சேரும்.

சரியான முறை எது? கணினியிலிருந்து தனியே கழற்றிய விசைப்பலகையை மட்டும் முதலில் வாலைவடிநீரில் அலச வேண்டும். குழாய்நீர் கூடாது, அதிலும் உப்பு உண்டு. பிறகுதான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சாதாரண உப்பு இந்த ஆல்கஹாலில் அநேகமாகக் கரைவதே இல்லை. ஆகவே நேரே ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பவர் உப்பை நீக்கவில்லை, பரப்பிவிடுகிறார். நீர் உப்பைக் கரைத்து வெளியேற்ற, ஆல்கஹால் நீரை விரட்டித் தானும் ஆவியாகிவிடும். அதன் பின் நிழலில் இரண்டு நாள். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். ஆல்கஹால் தீப்பற்றும் பொருள் என்பதால் இதைச் சமையலறையில் செய்யக் கூடாது.

சிதம்பரம் நோய் தொடுபலகையைப் பற்றியது. தொடுபலகையின் தோலுக்கடியிலும் கிடைக்கோடுகளும் நெடுக்கோடுகளும் உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கி. உங்கள் விரல் அருகில் வரும்போது அதன் மின்தேக்குத்திறன் ஒரு பிக்கோ ஃபாரடுக்கும் குறைவான அளவு மாறுகிறது. ஒரு பிக்கோ ஃபாரடு என்றால் ஒரு ஃபாரடின் லட்சம் கோடியில் ஒரு பங்கு! அந்த மாற்றத்தை அளந்துதான் விரல் எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுகொள்கிறது. ஈரக்கையோடு தொட்டால் அது குழம்புவதும் இதனால்தான்.

இவ்வளவு நுட்பமான அளவீட்டைக் கெடுக்கப் பெரிய சத்தம் வேண்டியதில்லை. சார்ஜருக்குள் மின்வாரியப் பக்கத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் இடையே, இரைச்சலைக் குறைப்பதற்காகச் சிறு மின்தேக்கி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது முள் பூமியோடு சேர்ந்திருந்தால் மிச்ச மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். சிதம்பரத்து வாடகை அறைகளில் ஒரே செருகியிலிருந்து ஐந்தாறு பேர் கிளை பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று முள் செருகியை இரண்டு முள்ளாக்கும் சிறு துண்டு பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. பூமி கிடைக்காத கணினி மிதக்கிறது. கை வைத்தால் லேசாகச் சுரீர் என்கிறது. அம்பு பேய் பிடித்ததுபோல் குதிக்கிறது அல்லது அசையாமல் நிற்கிறது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அம்பு உடனே சாதுவாகிவிட்டால் நோய் கணினிக்கு அல்ல, சுவருக்கு. சுவரை நீங்கள் தொடவேண்டாம்; மின்பணியாளரை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் மணற்பாங்கான மண் காய்ந்துவிட்டால் எர்த் குழியும் பயனற்றுப் போகும். கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றுவது அதற்காகத்தான். விசைப்பலகையைக் கெடுத்த அதே உப்பு இங்கே வேலைக்காரன்.

தொடுபலகை பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. அழுத்தினால் 'கிளிக்' என்று அமுங்கிக்கொண்டிருந்த தொடுபலகை திடீரென்று அமுங்காமல் போனால், அல்லது ஓரம் சற்றே தூக்கிக்கொண்டு நின்றால், அதைக் கையால் அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் லித்தியம் அயனி மின்கலம் அதற்கு நேர் கீழே படுத்திருக்கிறது. உள்ளே வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு உண்டாகி, மின்கலப் பை அப்பளம்போல் உப்பி, தொடுபலகையை மேலே தள்ளிக்கொண்டிருக்கலாம். அதைக் குத்தினாலோ மடக்கினாலோ தீப்பிடிக்கும். உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். என்னிடம் வந்த கணினிகளில் நான் பயந்தது இத்தகையவற்றைப் பார்த்துத்தான்.

இவ்வளவும் பள்ளி, கல்லூரி இயற்பியலுக்கு வெளியே எங்கும் போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மின்தடை, மின்தேக்கி, மின்னாற்பகுப்பு, ஈரப்பதம், அணி. ஆனால் செய்முறைத் தேர்வில் மீட்டர் சமனச்சுற்றை வைத்து, ஆண்டுதோறும் அதே கம்பிச்சுருளின் மின்தடையை அளந்து அதே விடையை எழுதுகிறோம். ஊமையான விசைப்பலகை ஒன்றைக் கொடுத்து, அறுந்த கோட்டைக் கண்டுபிடி என்று ஏன் கேட்கக் கூடாது? விடை முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, பரீட்சகருக்கும் தெரியாது. ஆராய்ச்சி என்பது அதுதானே?

தயாரிப்பாளர்கள்மேலும் எனக்குக் குறை உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலும் சில திருகாணிகளைக் கழற்றினால் விசைப்பலகை தனியே வந்துவிடும். மாற்றுப் பலகை ஆயிரம் ரூபாய் அளவில் முடியும். இப்போது பலவற்றில் விசைப்பலகையை மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒரு கோடு அறுந்தால் மேல்பாதி முழுவதையும் மாற்ற வேண்டும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்கு, பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கடையிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையவாசலையும் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் லட்சக்கணக்கில் கணினி வாங்கும் அரசு, விசைப்பலகை தனியே கழல வேண்டும், உதிரிப்பாகம் இத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட்டால், எந்தச் சட்டத்தையும்விட அது வேகமாக வேலை செய்யும். இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் சொன்னால் எந்தக் கம்பெனி கேட்காது?

மாணவர்கள் கணினியைத் திறந்து கெடுத்துவிட்டால் யார் பொறுப்பு என்று சில தலைமையாசிரியர்கள் என்னிடம் கேட்டதுண்டு. ஏற்கனவே பரண் ஏறிய கணினியை இன்னும் எவ்வளவு கெடுக்க முடியும் என்பது என் கேள்வி. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' முறையைப் பின்பற்றி, பெங்களூரிலும் 2015 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்கள் கூடித் தங்கள் பொருள்களைத் தாங்களே பழுது பார்க்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் வாரத்தில் ஒரு மாலை, ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, இப்படியொரு மேசை போடலாம். மல்டிமீட்டர், உருப்பெருக்கி, வாலைவடிநீர் ஆகியவை ஆய்வக அலமாரியில் இருக்கும். வாங்க வேண்டியவை சிறு திருப்புளிகள் ஒரு பெட்டி, ஒரு புட்டி ஆல்கஹால், இரண்டு ரப்பர். கழற்றிய திருகாணிகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். கணினியின் படத்தைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்திலேயே அவற்றைக் குத்தி வைக்க வேண்டும். நாடாக் கம்பியைப் பிடித்திருக்கும் சிறு தாழை நகத்தால் மேலே தூக்கிவிட்டுத்தான் நாடாவை இழுக்க வேண்டும். தாழ் முறிந்தால் அப்புறம் அது உண்மையிலேயே தாய்ப்பலகைப் பழுது. உப்பிய மின்கலம் வந்தால் போட்டுவைக்க மணல் வாளி வேண்டும். அது ஆய்வக வாசலில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஏற்கனவே தொங்கிக்கொண்டிருக்கிறது.